அறுபத்துமூணு இல்லாத வண்டி

தேர்த்திருவிழாவில் வண்டி நிறுத்தும் தோப்புக்குக் காவல் மூக்காயி. விழாக்குழுத் தலைவர் அம்பலவாணனுக்கு மைக் கிடைத்தால் போதுமே! "தோப்பு நிழல் நம்ம மாவட்டத்து வண்டிக்குத்தான். டி.என். 63 இல்லாத வண்டி ஒண்ணு உள்ள வந்தாலும் மூக்காயி வேலை போச்சு!" என்று முழங்கினார்.

மதுரை, திருச்சி வண்டிகளெல்லாம் வெயிலில் வறண்ட கண்மாய்க்குப் போயின.

மதியம் தலைவரே புதுக் காரில் வந்து ஹாரன் அடித்தார். மூக்காயி வாசல் கயிற்றை இறக்கவில்லை.

"நான் யாருன்னு தெரியலையா? ஏழு தலைமுறையா இந்த ஊர்க்காரன்!"

"ஐயாவைத் தெரியாதா? நீங்க வாங்க. கார் கண்மாய்க்குப் போகட்டும். பி.ஒய்.னு புதுச்சேரி நம்பர் போட்டிருக்கே."

"வரி கம்மின்னு அங்க பதிஞ்சேன். அதுக்கென்ன இப்போ?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்லைங்கய்யா. வரி வாங்குன ஊர்லயே நிழலும் கேட்டுக்கங்க."