தணிகாசலம் வாசித்த புதன்கிழமை

"நான் விலகிக்கிறேன் மேடம். இது எனக்கு ஒத்து வராது."

தணிகாசலம் ஒரு வழியாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் கிளம்பும் வரை காத்திருந்துதான் சொன்னார்.

அவர் சிவில் இன்ஜினியரிங் துறைப் பேராசிரியர். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த பாலங்களின் மேல் இன்றைக்கும் லாரிகள் ஓடுகின்றன. ஆனால் இந்த வாசிப்பு வட்டத்தில் ஆறு மாதமாக அவர் வாயைத் திறந்தது தேநீர் குடிக்க மட்டும்தான்.

வட்டத்தை நடத்துபவர் ஆங்கிலத் துறை நிலோஃபர். தணிகாசலத்தின் மகள் வயதுதான் இருக்கும். எந்தத் துறைக்காரர் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். புதன்கிழமை மாலைகளில் நூலக மாடியில் உட்கார்ந்து பண்பாட்டுக் கோட்பாட்டுப் புத்தகங்களை வரிவரியாகப் படிப்பார்கள். பண்பாடு என்றால் கோலமும் கும்மியும் என்று நினைத்து வந்தவர்கள் முதல் வாரமே காணாமல் போய்விடுவது வழக்கம்.

தணிகாசலம் போகவில்லை. சிமென்ட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தெரியாதவன் என்ற பெயரோடு ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அந்த வைராக்கியம்தான் இன்றைக்கு உடைந்திருந்தது.

"ஏன் சார்?" என்றார் நிலோஃபர்.

"எல்லாருக்கும் புரியுது. எல்லாரும் பேசறாங்க. எனக்கு ஒரு பக்கம்கூட உள்ள போகல. கூச்சமா இருக்கு மேடம். இவ்வளவு நாள் பொய்யாத் தலையாட்டிட்டு இருந்தேன்."

நிலோஃபர் ஆறுதல் சொல்லவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பழைய காலத்து அறை அது. கூரைக்குக் குறுக்கே பெரிய உத்தரம் ஓடியது.

"இந்தக் கூரை ஏன் சார் விழாம இருக்கு?"

மனிதன் மனம் விட்டுப் பேசும்போது கேட்கிற கேள்வியா இது? தணிகாசலத்துக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கூரையைப் பற்றிக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

எடை கூரையிலிருந்து உத்தரத்துக்கு இறங்குகிறது என்றார். உத்தரத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அஸ்திவாரத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. வழியில் எங்கே தடுமாறுகிறதோ அங்கே விரிசல் விடும். எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

நிலோஃபர் ஒரு சொல் விடாமல் கேட்டார். பிறகு வட்டத்தில் ஆறு மாதமாகப் படித்துவந்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நம்ம வழக்கம் தெரியும்ல சார். வட்டத்தை விட்டுப் போறவங்க கடைசியா ஒரு நாள் வாசிச்சு நடத்திட்டுத்தான் போகணும்."

கூரையைப் பற்றி ஏன் கேட்டார் என்று சொல்லாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தணிகாசலம் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார். பென்சிலால் கோடு போட்டார். அகராதியைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எரிச்சலில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாணவர் ஒருவரின் கட்டட வரைபடத்தைத் திருத்த உட்கார்ந்தார்.

வழக்கம்போல விரலை உச்சியில் வைத்து, எடை இறங்கும் வழியே கீழே நகர்த்திக்கொண்டு வந்தார். பாதியில் விரல் நின்றது.

வரைபடத்தில் தவறு எதுவும் இல்லை. அவர் அதைத் தள்ளிவிட்டு மறுபடியும் புத்தகத்தை எடுத்தார்.

புதன்கிழமை அவர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து சாக்பீஸ் வாங்கிவந்து நேராகக் கரும்பலகைக்குப் போனார். சமூகவியல் துறை எட்வின் முகத்தில் லேசான சிரிப்பு. அவர்தான் அந்த வட்டத்தில் அதிகம் பேசுபவர்.

"நமக்கு எது அழகுன்னு நம்ம கூட்டம்தான் தீர்மானிக்குதுன்னு முதல் அத்தியாயம் சொல்லுது" என்றார் தணிகாசலம். ஒரு கட்டம் வரைந்தார். "சரி. இது எது மேல நிக்குது?"

ஆளுக்கொரு பதில் வந்தது. வரலாற்றுத் துறை ஒன்று சொன்னது, மொழியியல் இன்னொன்று சொன்னது. பெரிய பெரிய சொற்கள். தணிகாசலம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மறுபடியும் அதையே கேட்டார்.

"மூணாம் அத்தியாயத்து மேல" என்றார் எட்வின்.

"அங்க புத்தகம் எழுதினவர் கூட்டம்னா யாருன்னு சொல்றார்? கொஞ்சம் வாசிங்க சார்."

எட்வின் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "எது அழகு என்பதில் ஒத்துப்போகிறவர்களே ஒரு கூட்டம்."

தணிகாசலம் கீழே இரண்டாவது கட்டம் வரைந்தார்.

"இது எது மேல நிக்குது?"

எட்வின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி முதல் அத்தியாயத்திலேயே வந்து நின்றார்.

தணிகாசலம் கீழ்க்கட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு, அதை வளைத்து மேல்கட்டத்துக்கே கொண்டுபோய் விட்டார்.

ஆறு மாதமாக அவர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்த புத்தகம் பலகையில் இரண்டு கட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்வின் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சீட்டுக்கட்டுல ரெண்டு சீட்டை ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு வெச்சா நிக்குமே சார். பண்பாடும் அப்படித்தான்" என்றார்.

நல்ல பதில். பலருக்கு மூச்சு வந்தது.

தணிகாசலத்துக்கோ கொண்டாட்டம். இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று அவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"நிக்கும் சார். ஜம்முனு நிக்கும். ஆனா ரெண்டு சீட்டுக்கும் கீழ ஒரு மேஜை வேணும். இவர் மேஜையக் காட்டவே இல்ல."

முதலில் சிரித்தது எட்வின்தான். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதன் பிறகு அறையில் ஒரே பேச்சு. மூன்றாம் அத்தியாயம் தனக்கும் புரிந்ததே இல்லை என்று ஒருவர் சொல்ல, எனக்கும் எனக்கும் என்று மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தணிகாசலம் சாக்பீஸ் கையோடு நடுவில் நின்றார். தான் கட்டிய முதல் பாலத்தில் முதல் லாரி ஏறி அந்தப் பக்கம் இறங்கிய அன்று இருந்த சந்தோஷம் அவருக்கு.

நிலோஃபர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். அந்த இரண்டு கட்டங்களுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் தன் பெயரை எழுதினார்.

"என் பிஎச்.டி. ஆய்வேடு சார். இதுங்க மேலதான் நிக்குது."

தணிகாசலம் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தார். நிலோஃபர் அதற்குள் சாக்பீஸை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"சொல்லுங்க சார். இடிச்சிடலாமா, முட்டுக் கொடுக்கலாமா?"

தணிகாசலம் மூன்று கட்டங்களையும் நிதானமாகப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க மேடம். முதல்ல கீழ என்ன மண்ணுன்னு பாக்கணும். வர்ற புதன்கிழமை எல்லாரும் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க."