வெண்பொங்கல் ரத்த வகை

ரத்த வங்கி மென்பொருளுக்குச் சோதனைப் புரோகிராம் எழுதிய மகுடபதியைக் கேள்வி கேட்க ஆபீசில் ஆளில்லை.

“பட்டியல்ல இருக்கிற ஆயிரம் பேரோட ரத்த வகையையும் ஒண்ணுவிடாம சரிபார்க்குது. தப்பு இருந்தாத்தான் சிவப்பு விழும்; எல்லாம் பச்சை. என் புரோகிராமைத் தொடாம தப்பு காட்டு, இல்லேன்னா சரின்னு கையெழுத்துப் போடு,” என்றார், புது டெஸ்டர் பூங்கோதையிடம். நாளைக்கே ஆஸ்பத்திரியில் ஓடப்போகிற மென்பொருள்.

மூன்று மாதமாக ஒருநாள்கூடச் சிவப்பு விழாத சோதனை. அவளுக்கு அதுதான் உறுத்தியது. பட்டியலைத் திறந்து, முதல் ஆளின் ரத்த வகையை ‘வெண்பொங்கல்’ என்று மாற்றினாள்.

“இப்ப ஓட்டுங்க சார்.”

பச்சை.

மகுடபதி பதறிப்போய்த் தேடினார். பட்டியல் இருக்கும் ஃபைலின் பெயரையே தப்பாகக் கொடுத்திருந்தார். சோதனைக்கு ஒரு ஆள்கூட வந்து சேரவில்லை.

“அப்புறம் எப்படிம்மா பச்சை வந்துச்சு?”

“ஆளே வராத பந்தியில சோறு பத்தலைன்னு யார் சார் சொல்லுவா?”