ஓடைக்கீரைக்குக் காரம் வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்குப் பேச வாய் இருந்தது. வேரை உருவிக்கொண்டு நாலு எட்டு நடக்கவும் தெரிந்திருந்தது. பாதிக்கு மேல் சோம்பேறிகள், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வம்பு மட்டும் பேசின என்பது வேறு விஷயம்.

அப்போது ஒரு மலைச்சரிவில் வெள்ளச்சி என்கிறவள் மகனோடும் மருமகளோடும் குடியிருந்தாள். அவள் குடிசைக்குப் பின்னால் ஒரு பலாமரம். அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக்கொடி மேலே ஏறியிருந்தது. மரத்தடிப் பாத்தியில் நம்முடைய கீரை இருந்தது. ஓடைக்கீரை என்ற பெயரெல்லாம் அதற்கு அப்போது கிடையாது. ஓடைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வட்ட வட்டமாகச் சின்ன இலை, உள்ளே வெறுமையான தண்டு, மென்றால் சப்பென்று ஒரு ருசி, அவ்வளவுதான்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பல் ஈறில் ரத்தம் கசிந்தால் வெள்ளச்சி அதைத்தான் பச்சையாக மெல்லக் கொடுப்பாள். கால் எலும்பு வலிக்கிறது என்பவர்களுக்கு அதையே பருப்போடு கடைந்து போடுவாள். மருமகள் பூவாயி பிள்ளை பெற்று வெளிறிப்போய்ப் படுத்திருந்தபோது, தினமும் ஒரு கைப்பிடி கீரையில் சாறு வைத்துக் கொடுத்துத்தான் அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. அந்தச் சாற்றில் கடைசியாக நாலே நாலு மிளகைத் தட்டிப் போடுவாள் வெள்ளச்சி.

வந்தது வினை அந்த நாலு மிளகால்தான்.

"அத்த, மிளகு வாசம் தூக்குது. அதுதான் எனக்குத் தெம்பே" என்றாள் பூவாயி.

பாத்தியில் இருந்த கீரைக்கு வயிறு எரிந்தது. கைப்பிடி கைப்பிடியாகத் தான் வெந்தும், பேர் வாங்கியது நாலு மிளகா? அன்று மட்டுமா? வருகிற விருந்தாளி, போகிற வழிப்போக்கன், எவன் சாப்பிட்டாலும் மிளகைத்தான் புகழ்ந்தான். கீரை என்று ஒன்று சட்டிக்குள் கிடந்ததையே யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மிளகுக்கொடியாவது கொஞ்சம் கர்வம் பிடித்ததாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அதுவோ வெள்ளை மனசுக்காரி.

"தங்கச்சி, இன்னிக்கும் என்னையே சொன்னாங்க. எனக்கே கூச்சமா இருக்கு" என்று மேலேயிருந்து சிரிக்கும்.

"உனக்கென்னக்கா, கொடுத்து வச்சவ" என்று கீரையும் சிரிக்கும். சிரித்துவிட்டு இரவெல்லாம் புழுங்கும். ஒரே ஒருநாள், ஒரே ஒரு ஆள், 'இந்தக் கீரை என்ன சுள்ளென்று இருக்கிறது!' என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு வேறு ஆசையே இல்லை.

மிளகு பறிக்கும் காலம் வந்தது. வெள்ளச்சி சரம் சரமாகப் பறித்து, காலால் மிதித்து மணியை உதிர்த்தாள். பிறகு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். மணிகளைக் கூடையில் போட்டு, அந்தக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, உடனே தூக்கி, பாயில் பரப்பினாள். பச்சையாகப் போன மணி வெயிலில் கன்னங்கரேலென்று சுருங்கி, பக்கத்தில் போனாலே தும்மல் வரும்படி ஆனது. மிளகு ஒரே மாதிரி கறுப்பாகக் காய வேண்டும் என்று மலைக்காரர்கள் இன்றும் செய்கிற வேலைதான் அது.

கீரைக்கு அது எங்கே தெரியும்? அது கண்டதெல்லாம் ஒன்றுதான். உள்ளே போகும்போது பச்சை, வெளியே வரும்போது காரம். 'ஓகோ, காரம் இந்த அண்டாவில்தான் இருக்கிறதா! இத்தனை நாள் என்னை ஏமாற்றிவிட்டாளே இந்த அக்கா' என்று நினைத்துக்கொண்டது. பொறாமைக்காரருக்குப் பாதி பார்த்தாலே போதும், மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

மறுநாள் சம்பந்தி வீட்டார் பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். விருந்து உண்டு. இதைவிட்டால் வேறு நாள் ஏது?

கடைசிக் கூடையை முக்கி எடுத்துவிட்டு வெள்ளச்சி பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டப் போனாள். அண்டா அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. கீரை வேரை உருவிக்கொண்டு நடந்தது.

"தங்கச்சி, எங்க போற? அது சுடுதண்ணி!" என்று பாயில் கிடந்த மிளகு பதறிக் கத்தியது.

"நீ மட்டும் குளிக்கலாம், நான் குளிக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, தொபுக்கென்று உள்ளே குதித்தது கீரை.

மிளகு ஒரு முக்கோடு வெளியே வந்தது. இதற்கோ பேராசை. அக்காவைவிட ஒரு மடங்கு கூட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கூடை கூடையாக மிளகு முங்கிய தண்ணீர் அல்லவா! காரமெல்லாம் கொதிநீரோடு சேர்ந்து அதன் தண்டுக்குள் ஏறியது. ஏறின பிறகுதான் தெரிந்தது. உள்ளேயும் நெருப்பு, வெளியேயும் நெருப்பு.

"ஐயோ, எரியுதே!" என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்து, சரிவில் உருண்டு, கீழே சலசலவென்று ஓடிய ஓடைக்குள் போய் விழுந்தது.

"யாரது, அரைவேக்காட்டுல எந்திரிச்சு வந்தது?" என்றது பாறையிடுக்கில் இருந்த நண்டு.

கீரைக்குச் சில்லென்ற தண்ணீர் மேலே ஓட ஓடத்தான் உயிர் வந்தது. ஒரு காலைக் கரையில் வைத்துப் பார்த்தது. காந்தியது. மறுபடி தண்ணீருக்குள்ளேயே இழுத்துக்கொண்டது.

காலையில் பாத்தி காலியாகக் கிடப்பதைக் கண்டு வெள்ளச்சி தேடிக்கொண்டு ஓடைக்கு வந்தாள். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"அடி ஆத்தி! என்னா சுள்ளுனு இருக்கு!"

கீரைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

வெள்ளச்சி ஒரு கட்டு பறித்துப் போய்க் கொதிக்கிற சட்டியில் போட்டாள். வெந்நீரைக் கண்டதும் கீரைக்கு அண்டா ஞாபகம் வந்துவிட்டது. பயத்தில் காரத்தையெல்லாம் ஆவியில் விட்டுவிட்டுத் துவண்டு போயிற்று. ருசி பார்த்த பூவாயி, "பழையபடி சப்புனுதான் இருக்கு அத்த" என்றாள். வெள்ளச்சி விடுவாளா? இன்னொரு கட்டு கொண்டுவந்தாள். இந்தத் தடவை பாதியைச் சட்டியை இறக்கிவைத்த பிறகு மேலே தூவினாள். மீதியைப் பச்சையாகவே நறுக்கித் தயிரில் போட்டுப் பிசிறினாள். மிளகை அன்று தொடவே இல்லை.

சம்பந்தி சடையாண்டி இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். ஓடையில் அத்தனை கீரையும் தலையைத் தூக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவர் மென்றார். கண் விரிந்தது. நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஆகா! சம்பந்தியம்மா, மிளக நல்லாத் தட்டிப் போட்டிருக்கீங்க!"

"மிளகே போடலீங்க, அது வெறுங்கீரைங்க" என்றாள் வெள்ளச்சி.

"சும்மா சொல்லாதீங்க. மிளகு ருசி எனக்குத் தெரியாதா?" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார் அவர்.

"கேட்டியா தங்கச்சி!" என்று பலாமரத்து உச்சியிலிருந்து சந்தோஷமாகக் கூவியது மிளகுக்கொடி. "இப்ப உன்னைச் சாப்பிட்டாலும் என்னைச் சொல்றாங்க!"

கீரை தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் ஓடைக்கீரை குளிர்ந்த ஓட்டத் தண்ணீரைவிட்டுக் கரையேறுவதில்லை. அடுப்பில் வேகவிட்டால் காரத்தை விட்டுவிடும் என்பதால் நாமும் அதை இறக்கிவைத்த சட்டியில்தான் தூவுகிறோம், பச்சையாகத்தான் தயிரில் போடுகிறோம். எத்தனையோ பேருக்கு அது ரத்தம் ஊறவைத்துவிட்டது. ஆனாலும் முதல் வாய் மென்ற எவரும் இன்றுவரை சொல்வது ஒன்றைத்தான்: "அட, மிளகு மாதிரி இருக்கே!"