சூடு தணிந்த கஞ்சி

குருவைவிட ஏகாம்பரம் வயதில் மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான். மடத்து அடுப்படி அவர் பொறுப்பில் இருந்தது.

காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு பூங்கோதை என்ற பெண் மடத்தில் தங்கியிருந்தாள். கெட்டிக் கஞ்சி குழந்தையின் தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் விட்டால் இறங்கியது, உடம்பில் ஒட்டவில்லை.

"முளைகட்டின கேழ்வரகு மாவைக் கலந்து கொடுங்க. தண்ணி வேண்டாம், தானே இளகும்" என்று குரு சொல்லியிருந்தார்.

ஏகாம்பரம் கொதிக்கிற கஞ்சியில் மாவைப் போட்டார். இளகவில்லை. இன்னும் போட்டார். தீயைக் கூட்டினார். கஞ்சி களியாக இறுகியது. குழந்தை துப்பிவிட்டது.

"பெத்தவளுக்கே ஊட்டத் தெரியலைன்னா நான் என்ன செய்ய?" என்று பூங்கோதையிடம் எரிந்து விழுந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே, ஐயா."

சத்தம் கேட்டு குரு அடுப்படிக்கு வந்தார்.

"மாவு எவ்வளவு மிச்சம்?"

"ஒரு கரண்டி. மறுபடி முளைகட்ட மூணு நாளாகும், சாமி."

"புதுசாக் கஞ்சி காய்ச்சி ரெண்டு சட்டியில ஊத்துங்க."

ஊற்றினார். "இப்பப் போடவா?"

"விரலை விட்டுப் பாருங்க."

ஏகாம்பரம் விரலை விட்டு உதறினார். "சுடுது, சாமி."

"மாவுக்கும் சுடும். கொதியில முளையோட சத்து செத்துடும்."

விரல் பொறுக்கும் சூடு வந்ததும் குரு அந்த மாவை ஒரு சட்டியில் கலந்தார். சற்று நேரத்தில் கஞ்சி அகப்பையிலிருந்து மோர்போல ஒழுகியது. குழந்தை குடித்தது. டம்ளரை விடவில்லை. பூங்கோதை அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஏகாம்பரத்துக்கு மூச்சு வந்தது. பிறகு அடுத்த சட்டியைப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்கு என்ன செய்ய? மாவு தீர்ந்துபோச்சே."

"தீர்ந்துபோச்சுன்னு யார் சொன்னா?"

குரு இளகிய கஞ்சியில் ஓர் அகப்பை மொண்டு கெட்டிக் கஞ்சியில் ஊற்றினார். "கிண்டுங்க."

ஏகாம்பரம் கிண்டினார். கை கனத்தது. பிறகு லேசானது. அதுவும் இளகிவிட்டது.

"ஒரு தடவை வேலை செஞ்சது மறுபடியும் செய்யுதே, சாமி?"

"கஞ்சிக்குள்ள நீளநீளமாப் பின்னிக் கிடக்கிறதை அந்த முளைச்சத்து நறுக்கி விடுது. அவ்வளவுதான். நறுக்கினதால அது குறையறதில்லை."

"அப்ப ஒரு கரண்டி எத்தனை பேருக்கு வரும்?"

குரு பூங்கோதை இருந்த பக்கம் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"சூடு ஏறாம இருந்தா, வர்றவங்களுக்கெல்லாம் வரும்."