ஆவுடையம்மாள் போன் வாங்கப் போன கதை

“சாமி, இந்த ரெண்டுல எதை வாங்க?”

ஆவுடையம்மாள் இப்படிக் கேட்டபோது மௌனசாமி தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டை விழுந்த ஓஸ் பைப்பைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெயரைப் பார்த்து அவர் பேசமாட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் சில வருஷம் வாய் திறக்காமல் இருந்தாராம். பிறகு திறந்துவிட்டார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கணக்கில்லாத குரங்குகள். ஆசிரமம் என்பது இவ்வளவுதான்.

ஆவுடையம்மாள் சங்கரன்கோவில்காரி. சாமியைவிடப் பத்து வயது மூத்தவள். அமாவாசை தவறாமல் பஸ் ஏறி வந்து சமைத்துப் போடுவாள். சமைத்துக்கொண்டே சந்தேகமும் கேட்பாள். அவளுடைய சந்தேகம் ஒன்றுகூட ஆத்மாவைப் பற்றியதாக இருந்ததில்லை. அதனாலேயே சாமிக்கு அவளைப் பிடிக்கும்.

அன்று அமாவாசை இல்லை. வெறும் ஞாயிற்றுக்கிழமை. வந்தவள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. விஷயம் பெரிது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

பையிலிருந்து இரண்டு நோட்டீஸ்களை எடுத்து நீட்டினாள். போன் கடையில் கொடுத்தவை. ஒன்றில் கறுப்பு போன், மற்றதில் நீல போன். இரண்டு கம்பெனியின் பெயரும் அவள் வாயில் நுழையாது.

சாமி இரண்டையும் வாங்கினார். ஒன்றில் வலது கையைத் துடைத்தார். மற்றதில் இடது கையைத் துடைத்தார்.

“எது நல்லா துடைக்குன்னு கேளு, சொல்லுதேன்.”

வேறு நாளாக இருந்தால் ஆவுடையம்மாள் சிரித்திருப்பாள். அன்று அவள் கண் கலங்கிவிட்டது.

சாமி பைப்பைக் கீழே வைத்தார்.

“உக்காரு. யாரு வாங்கச் சொன்னா?”

“கறுப்ப மூத்தவன் வாங்கச் சொல்லுதான். நீலத்த இளையவன் வாங்கச் சொல்லுதான்.”

“உனக்கு எது வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாமி. எனக்கு இதே போதும்.” இடுப்பிலிருந்து பழைய பொத்தான் போனை எடுத்துக் காட்டினாள். “இளையவனுக்குப் பொம்பளப்பிள்ள பெறந்திருக்கு. முகத்தப் பாக்கணும்லா. இதுல கொரலுதான வரும்.”

“அப்ப ஏதோ ஒண்ண வாங்கு.”

“அதெப்படி சாமி வாங்க? கறுப்ப வாங்கினா இளையவன் பேசமாட்டான். நீலத்த வாங்கினா மூத்தவன் பேசமாட்டான். நீங்க ஒண்ணக் கை காட்டுங்க. சாமி சொல்லிட்டாகன்னு சொல்லிருதேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டானுவ.”

“நல்லா இருக்கே கதை. என் தலையில கட்டப் பாக்க.”

அவள் மறுக்கவில்லை. அதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

மூத்தவன் இசக்கிராஜ் சென்னையில் இருக்கிறான். இளையவன் பொன்ராஜ் பட்டாளத்தில், பெண்டாட்டியோடு அசாமில் இருக்கிறான். அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷமாகிறது.

காரணம் ஊருக்கே தெரியும். அப்பா செத்தபோது பொன்ராஜ் அசாமிலிருந்து வந்து சேர ஒன்றரை நாளாகும் என்றான். கத்திரி வெயில், உடம்பு தாங்காது என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். இசக்கிராஜ் தலையாட்டிவிட்டான். பொன்ராஜ் வந்தபோது சாம்பல்தான் இருந்தது.

“எனக்காக ஒரு நாள் பொறுக்க முடியலைல்லா,” என்றான். அதுதான் அவன் அண்ணனிடம் கடைசியாகப் பேசியது.

அதற்குப் பிறகு ஆவுடையம்மாளுக்கு ஒரே பயம்தான். தான் கண்ணை மூடினால் இவர்கள் இரண்டு பேரும் அந்நியர்களாகிவிடுவார்கள். அந்தப் பயம் அவளைத் தூங்கவிடுவதில்லை. இப்போது ஒரு போன் வந்து நடுவில் நிற்கிறது.

“அண்ணன் சொன்னத வாங்கினா அதுல என்னைக் கூப்பிடாதம்மான்னுட்டான் சாமி.”

சாமி அவள் கையிலிருந்த பொத்தான் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்கள் எல்லாம் தேய்ந்து அழிந்திருந்தன.

“இது எப்ப வாங்குனது?”

இந்தக் கேள்விக்கு ஆவுடையம்மாளின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“இது அவுக கடைசியா வாங்குனது. மொத போன் இதவிடக் குண்டா இருக்கும் சாமி. அவுக லாரிக்குப் போவாகல்லா, அதுக்காக வாங்கி வீட்டுல வச்சாவ. எங்க லைன் வீட்டுக்குள்ள டவர் எடுக்காது. சன்னல் கம்பிகிட்ட மட்டும் எடுக்கும். ஒரு பாலிதீன் கவருக்குள்ள போட்டு கம்பியிலயே தொங்கவிட்டுருப்போம். பேசணும்னா எல்லாரும் அங்கனதான் போயி நிக்கணும்.”

“ம்.”

“கயத்தாறு தாண்டினதும் மிஸ்டு கால் குடுப்பாவ. ஒரு ரிங்குன்னா உலை வை, வந்துட்டேன்னு அர்த்தம். ரெண்டு ரிங்குன்னா நேரமாவும், நீங்க சாப்பிடுங்க. அதுக்கு மேல அடிச்சா எடுத்துப் பேசணும். ஒரு ரிங்குதான் அடிச்சிதுன்னு மூத்தவன் சொல்லுவான். இல்ல, ரெண்டும்பான் இளையவன். அதுக்கு ஒரு சண்ட. நான் பாதி அரிசியப் போட்டுட்டு முழிச்சிக்கிட்டு நிப்பேன்.”

சாமி சிரித்தார்.

“அவுக பேசுனா ரெண்டு பயலுவளும் ஆளுக்கு ஒரு காத வச்சிக்கிடுவானுவ. ஒரே போனு. மண்டையும் மண்டையும் முட்டிக்கிட்டு நிப்பானுவ. அவுக அந்தப் பக்கம் என்ன சொல்லுதாகன்னு எனக்கு ஒண்ணும் கேக்காது. இவனுவ சிரிக்கதுதான் கேக்கும். எங்கிட்டக் குடுங்கலேன்னு நானும் கத்துவேன். குடுக்க மாட்டானுவ. காசு தீர்ந்து கட்டாயிரும்.”

“அப்ப நீ பேசவே இல்ல.”

“எங்க பேச! ஆனா அந்தச் சத்தம் போதும் சாமி. அது கேட்டாலே உலையில அரிசி வேகும்.”

அந்த லைன் வீடும் சன்னலும் இப்போது யாரோ ஒருவருடையவை. போன நாட்களை நினைத்தால் அவளுக்கு இனிக்கிறது. இனித்து முடிந்ததும் வலிக்கிறது. வலி கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறது.

சாமி கேட்டார்.

“மூத்தவன் ஏன் கறுப்ப வாங்கச் சொல்லுதான்?”

“அதான் நல்லதாம்.”

“இளையவன் ஏன் நீலத்த வாங்கச் சொல்லுதான்?”

“அதான் நல்லதாம்.”

“அவனவன் போனை அவனவன்கிட்டயே கேட்டா வேற என்ன சொல்லுவான்? ஆள மாத்திக் கேளு.”

“என்ன சாமி?”

“மூத்தவன்கிட்ட நீல போனப் பத்திக் கேளு. இளையவன்கிட்டக் கறுப்பப் பத்திக் கேளு. என்ன நல்லதுன்னு மட்டும் கேளு. கொறையக் கேக்காத.”

“தம்பி பேர எடுத்தாலே போன வச்சிருவான்.”

“வச்சா வைக்கட்டும். நீ கேளு.”

அவள் தயங்கினாள். சாமி போனை அவள் கையில் திணித்தார். பிறகு பைப்பை எடுத்துக்கொண்டு அவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆவுடையம்மாளுக்குக் காது சற்று மந்தம். யாரிடம் பேசினாலும் ஸ்பீக்கர்தான். ஊருக்கு ரகசியம் வைக்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

முதலில் மூத்தவனைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, வாங்கிட்டியா?”

“இல்லய்யா. தம்பி சொன்னாம்லா, அந்த நீல போனு. அதுல என்ன நல்லது?”

“அவன்தான் சொன்னாம்னா அவன்கிட்டயே கேளு.”

“நீ சொல்லு.”

“அது சூடாவும்மா. கீழ விழுந்தா ஒடைஞ்சிரும். சார்ஜ் நிக்காது.”

“நான் கொறையக் கேக்கலய்யா. நல்லது என்னன்னு கேட்டேன்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. வைத்துவிட்டான் என்றே அவள் நினைத்தாள்.

“கேமரா நல்லா இருக்கும்,” என்றான் இசக்கிராஜ்.

“அப்படின்னா?”

“முகம் தெளிவா தெரியும். வெளிச்சம் இல்லாட்டாலும் தெரியும்.”

அவளுக்கு அவன் மூச்சு கேட்டது.

“அன்னைக்கு அப்பாவ அவனுக்கு வீடியோ கால்ல காட்டுனேன்லா. எம் போனு ஒரு ஓட்ட போனு. கூடத்துல அத்தன பேரு வெளிச்சத்த மறைச்சிட்டு நிக்காவ. ஒண்ணுமே தெரியலண்ணே, முகம் தெரியலண்ணேன்னு கத்துனான். தூக்குங்கப்பா, நேரமாச்சுன்னு பின்னால ஆளு நிக்கி. நான் கட் பண்ணிட்டேன்மா.”

“சரிய்யா.”

“அதான் அவன் கேமரா கேமராங்கான். இப்பதான் தெரியுது. நீ நீலத்தையே வாங்கு. வைக்கேன்.”

வைத்துவிட்டான்.

ஆவுடையம்மாள் சாமியைப் பார்த்தாள். சாமி டியூபை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

“இளையவன்,” என்றார்.

கூப்பிட்டாள். பின்னால் பச்சைப்பிள்ளை அழுகிற சத்தத்தோடு பொன்ராஜ் வந்தான்.

“சொல்லும்மா.”

“அண்ணன் சொன்ன கறுப்பு போன்ல என்னய்யா நல்லது?”

“செங்கல்லு மாதிரி கனக்கும். அதான் நல்லது.”

“வெளையாடாதல. நெசமாத்தான் கேக்கேன்.”

பிள்ளை அழுதுகொண்டேயிருந்தது. அவன் வேறு அறைக்கு நகர்ந்திருக்க வேண்டும். அழுகை சன்னமானது.

“சார்ஜ் நிக்கும்மா. ரெண்டு நாளானாலும் அணையாது.”

“அவ்வளவு நேரம் நின்னு நான் என்ன செய்யப் போறேன்?”

“உனக்கு வேண்டாம். கூப்பிடுதவனுக்கு வேணும்லா.” பொன்ராஜ் குரல் மாறியது. “அப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப உன் போனு செத்துப்போச்சுல்லா. அண்ணன் பஸ்ல வந்துக்கிட்டே அடிச்சி அடிச்சிப் பாத்தானாம். சித்தப்பா அப்பறம் சொன்னாவ. வழியெல்லாம் அடிச்சிருக்கான். வாசல்ல வந்து எறங்குன பெறவுதான் தெரிஞ்சிருக்கு.”

அவள் போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“எம்மா.”

“சொல்லுய்யா.”

“அண்ணனுந்தான் அப்பாவ உசுரோட பாக்கல. என்னம்மா?”

“இல்லய்யா. அவனும் பாக்கல.”

“நான் அத நெனைக்கவே இல்லம்மா. அவன் கூட இருந்தான்னே நெனைச்சிட்டேன்.”

இப்படியும் நினைத்துப் பார் என்று இந்த மூன்று வருஷத்தில் யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவளும்தான் சொல்லவில்லை. மூத்தவன் பெயரை எடுத்தால் இவனும் பேச்சை நிறுத்திவிடுவானோ என்று பயந்து பயந்து, இருவர் பேச்சையும் தனித்தனியாகவே வைத்துக் காப்பாற்றி வந்திருந்தாள்.

“கறுப்பு நல்லாத்தான் இருக்கும். அதையே வாங்கு,” என்றான் பொன்ராஜ். அவனும் வைத்துவிட்டான்.

ஆவுடையம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து அவளையே பார்த்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு முதல் கேள்வியே ஞாபகம் வந்தது.

“சாமி, இது என்ன கூத்து! மூத்தவன் நீலத்த வாங்குங்கான். இளையவன் கறுப்ப வாங்குங்கான். அப்பவும் ரெண்டாத்தான நிக்கி? நான் எதை வாங்க?”

“என்னைக் கேட்டா? நீ பெத்தவனுவளக் கேளு.”

அவள் இளையவன் நம்பரை அழுத்தினாள். புரியாத பாஷையில் ஒரு பெண் என்னவோ சொன்னாள். பிறகு டொய்ங் டொய்ங் என்றது.

“என்னமோ வடநாட்டுக்காரி பேசுதா சாமி.”

“மூத்தவனக் கூப்பிடு.”

மூத்தவன் நம்பரை அழுத்தினாள். இங்கே தமிழில் ஒரு பெண் பேசினாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

“எவங்கூடப் பேசுதானோ.”

சாமி எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். பைப்பில் தண்ணீர் ஓடியது. கட்டிய இடத்தில் சொட்டவில்லை. முருங்கைக்குத் தண்ணீர் விட்டார். பப்பாளிக்கு விட்டார்.

அவள் மறுபடியும் இளையவனை அடித்தாள். அதே வடநாட்டுக்காரி. மூத்தவனை அடித்தாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன்.

ஆவுடையம்மாளின் விரல் பொத்தான் மேல் அப்படியே நின்றது.

“சாமி,” என்றாள்.

“என்ன, எடுக்கலையா?”

“ரெண்டு பேரும் எடுக்கல.”

“அப்ப வச்சிரு. சாயங்காலம் கேட்டுக்கலாம்.”

அவள் வைக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் அது நனைந்துகொண்டுதான் இருந்தது. ஸ்பீக்கர் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள்.

“சாமி, இன்னொரு தடவ அடிக்கட்டா?”

“அவனுவதான் எடுக்கலையே. எதுக்கு?”

“போன்ல அந்தப் பொண்ணு சொல்லுததக் கேக்கத்தான்.”