பரிசு வாங்கிய மூடுபனி

வால்பாறை விடுதியில் சமையல் செய்கிற பேச்சி சாயங்காலமே சொல்லிவிட்டாள்: "மழை விட்டு வானம் வெளுத்துருச்சு, காத்தும் அடங்கிருச்சு. காலையில பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிக்கும்." புகைப்படம் எடுக்கக் கற்றுத்தர வந்திருந்த கமலநாதன் செல்போனில் வானிலையைப் பார்த்தார். "பனியாவது ஒண்ணாவது! எல்லாரும் நல்லாத் தூங்குங்க" என்றார் மாணவர்களிடம்.

விடிந்தால், பள்ளத்தாக்கு பால் ததும்பும் அண்டாவாக நிற்கிறது! மாணவர்கள் கேமராவும் கையுமாகப் பேச்சியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கமலநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தன் பரிசுப் படத்தைப் பேச்சியிடம் காட்டினார். அதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். பின்னால் மூடுபனிக் கடல்.

"இருபது நாள் காத்திருந்து எடுத்தது. எத்தனை மணிக்கு எடுத்தேன், சொல்லு பார்ப்போம்! தப்பாச் சொன்னா முதலாளிகிட்டச் சொல்லி உன் வேலையைப் பறிச்சிருவேன்."

பேச்சி உற்றுப் பார்த்தாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலங்கய்யா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மத்தியானத்துல ஏது இவ்வளவு மூடுபனி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். படத்துல எங்க லைன் வீட்டுக் கொடியில காயுறது என் மஞ்சள் சேலை. இங்க சமையலை முடிச்சுட்டுப் போய், ரெண்டு மணி வெயில்லதான் துவைச்சுப் போடுவேன். பனியில யாருங்கய்யா துணி காயப்போடுவாங்க?"

கமலநாதன் படத்தைக் கழற்றப் பாய்ந்தார். அதற்குள் பத்து கேமராக்கள் அந்தச் சேலையைப் படம் பிடித்துவிட்டன.