அணைக்காத இன்ஜின்

"வாத்தியாரே, வண்டியை ரிப்பேர் செய்யறதா, பழைய இரும்புக்குக் கொடுத்துடறதா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

அபுபக்கர் நிமிரவில்லை. தன் காய்கறி லாரியின் சக்கர நட்டுகளைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். இறுகிய நட்டு ஒரு சத்தம் தரும். தளர்ந்த நட்டு வேறு சத்தம் தரும்.

கேட்டவர் பொன்னுரங்கம். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கிடங்கில் வேலை. வயது ஐம்பத்து நான்கு. மலைப்பாதையில் அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அபுபக்கர். இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

பொன்னுரங்கத்தின் வண்டி ஒரு பழைய டீசல் கார். இன்ஜினுக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், போய்விட்டது. அணைத்தால் சாவிக்கு எடுக்காது. சரிவில் உருட்டி விட்டால் எடுக்கும். சமதளம் என்றால் தள்ளுவதற்கு நான்கு பேர் வேண்டும்.

அந்த வண்டியில்தான் வாரம் இரண்டு நாள், தன் மனைவி வசந்தாமணியை டயாலிசிஸுக்காக மலைக்குக் கீழே அழைத்துப் போகிறார்.

"மெக்கானிக் என்ன சொல்றான்?"

"இன்ஜினை இறக்கினா பத்து நாள்ல சரி பண்ணித் தரேங்கறானுங்க."

"அப்ப செய்."

"செஞ்சாலும் எத்தனை நாள் ஓடும்னு தெரியலீங்களே."

"அப்ப கொடு. எதிர்வீட்டு ஜீப்காரன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தானே இருக்கான்."

"ஜீப்புல அவளுக்குத் தூக்கித் தூக்கிப் போடுமுங்க."

அபுபக்கர் அடுத்த நட்டைத் தட்டினார்.

"போன மாசம் செய்யுன்னேன். செய்யலை. போன வாரம் கொடுன்னேன். பழைய இரும்புக்காரன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனான். சாவியைக் காணோம்னியாம்."

"நெசமாவே காணோமுங்க."

"மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எதுல போனே?"

பொன்னுரங்கத்தின் கை சட்டைப் பையிலிருந்த சாவியை மூடிக்கொண்டது.

சுத்தியலின் சத்தம் மாறியது. அபுபக்கர் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை இறுக்கினார்.

"வியாழக்கிழமை நானும் வரேன்," என்றார்.



வியாழக்கிழமை காலை கார் வீட்டுக்கு முன்னால், சரிவில், கீழ்நோக்கி நின்றது.

ஒன்றரை வருடமாக அது மேட்டில் தவிர வேறெங்கும் அணைந்ததில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, பொன்னுரங்கம் முதலில் விசாரிப்பது மண்டபம் மேட்டில் இருக்கிறதா என்பதைத்தான்.

வசந்தாமணி பின்னால் ஏறினாள். மடியில் துணிப்பை. அதன் மேல் மடித்த துண்டு.

"அண்ணா, நீங்க பக்கத்துல உக்காந்தா இவருக்குக் கை நடுங்கும்."

"நடுங்கட்டும்மா. அப்பத்தான் ஒழுங்கா ஓட்டுவான்."

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு சுற்றுலா வேன் ஏறி வந்தது. பொன்னுரங்கம் பிரேக்கை மிதித்தார். இன்ஜின் திணறியது. அணைந்தது.

இன்ஜின் நின்றதும் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. மிதித்தும் வண்டி நிற்கவில்லை. வேனை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது.

வசந்தாமணி துண்டை இறுகப் பற்றினாள்.

அபுபக்கர் அசையவில்லை. "ரெண்டாவது," என்று மட்டும் சொன்னார்.

பொன்னுரங்கம் இரண்டாம் கியருக்குத் தள்ளி கிளட்சை விட்டார். கார் குலுங்கியது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. வேகம் அடங்கி, ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுல பொம்பளைய ஏத்திட்டு வர்றியே, உனக்கெல்லாம் யாருய்யா லைசென்ஸ் கொடுத்தது?"

"நான்தான் கத்துக்கொடுத்தேன்," என்றார் அபுபக்கர். "நீ போ."

வேன் போனது.

"செத்திருப்போம், வாத்தியாரே."

"ஆமா."

"இன்னைக்கே ஒரு முடிவு பண்ணிடணும்."

"பண்ணிடலாம். ரோட்டைப் பாரு."

அடிவாரம் வரை பொன்னுரங்கம் இரண்டாம் கியரை மாற்றவில்லை.



ஆஸ்பத்திரி வளாகம் முழுவதும் சமதளம். பொன்னுரங்கம் காரை மதிலோரம் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைக்கவில்லை.

வசந்தாமணி தானே கதவைத் திறந்து இறங்கினாள். "வரேனுங்க," என்றாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு முறை நின்று, மேலே போனாள்.

அபுபக்கர் அவள் மறையும் வரை பார்த்தார்.

"நீ போகலையா?"

"வண்டி ஓடிட்டிருக்குதுங்களே."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரமுங்க."

"நாலு மணி நேரமும் ஓடிட்டே இருக்குமா?"

"அணைச்சா எடுக்காதுங்க. இங்க தள்ளறதுக்கு ஆளுக்கு எங்க போறது?"

வாட்ச்மேன் வந்து பானெட்டைத் தட்டினார். "புகை மறுபடியும் ஜன்னல் வழியா போகுதுங்க. கொஞ்சம் முன்னாடி எடுங்க."

பொன்னுரங்கம் பழகிய கையால் நான்கடி முன்னால் எடுத்தார்.

வாட்ச்மேன் அபுபக்கரைப் பார்த்துச் சொன்னார். "ஒன்றரை வருஷமா இதேதானுங்க. எங்க ஜெனரேட்டர்கூட இவ்வளவு ஓடினதில்லை."

அவர் போன பிறகு அபுபக்கர் கேட்டார்.

"உள்ள எத்தனை கட்டில்?"

"பத்து இருக்குமுங்க."

"அவளுக்கு எது?"

பொன்னுரங்கம் காரின் முன் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"எந்தக் கையில ஊசி போடறாங்க?"

"இடது கையிலன்னு நினைக்கிறேன்."

"உள்ள போனதே இல்லையா?"

"மொத நாள் போனேனுங்க. கதவு வரைக்கும்."

"அப்புறம்?"

"குழாயில ரத்தம் வெளிய வருது, வாத்தியாரே. வந்து, சுத்திட்டு, மறுபடி உள்ள போகுது. அவ கண்ணைத் திறந்துட்டே படுத்திருக்கா."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரத்துல இருந்து வண்டியும் இப்படி ஆயிடுச்சுங்க," என்றார் பொன்னுரங்கம்.

அபுபக்கர் கையை டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுபோனார். அது சாவியைத் திருப்பினால் அணையும் வண்டி அல்ல. அங்கே ஒரு குமிழ் உண்டு. அதை இழுக்க வேண்டும்.

இழுத்தார்.

கார் இரண்டு முறை உதறி, நின்றது.

பொன்னுரங்கத்தின் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"என்ன பண்ணிட்டீங்க, வாத்தியாரே."

அபுபக்கர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது சமதளமுங்க."

"தெரியும்."

"இனி எடுக்காது."

"எடுக்காது."

"முடிஞ்சதும் அவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"ஜீப்பை வரச் சொல்லியிருக்கேன். நேத்தே."

"அப்ப இந்த வண்டியைச் செய்யறதா, கொடுக்கறதா?"

அபுபக்கர் காரை விட்டு இறங்கினார். சுற்றி வந்து பொன்னுரங்கத்தின் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"இன்ஜின் நின்னு போச்சு. இனி இங்க உனக்கு என்ன வேலை?"



பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன.

ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு ஸ்டூல். ஸ்டூல்களில் மகளோ, தம்பியோ, புருஷனோ உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலின் ஸ்டூலில் மட்டும் ஆள் இல்லை. மடித்த துண்டு ஒன்று கிடந்தது.

பொன்னுரங்கம் கதவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குழாயைப் பார்த்தபடியே நடந்து, அந்த ஸ்டூலின் அருகே வந்தார்.

"அதுல உக்காராதீங்க," என்றாள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண். "பஸ்ஸுல மாதிரி துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கு இந்த அக்கா. ஆள் வருது வருதுன்னு ஒன்றரை வருஷமா ஒருத்தரையும் உக்கார விடறதில்லை."

வசந்தாமணி கண்ணைத் திறந்தாள்.

ஊசி வலது கையில் இருந்தது.

"சத்தம் நின்னுதேன்னு பார்த்தேன்," என்றாள். "வண்டிக்கு என்னாச்சுங்க?"

"அணைஞ்சிடுச்சு."

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, ஸ்டூலிலிருந்து துண்டை எடுத்தாள்.